சத்தம் போகாத அறை

“நான் உள்ள போயி ஒரு சத்தம் போடுறேன். வெளிய கேக்குதான்னு மட்டும் சொல்லுங்க” என்றபடி சித்தப்பா அறைக்குள் நுழைந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

கண்டக்டர் சும்மாதான் கேட்டிருந்தார். பதினெட்டு வருஷம் அப்பாவோடு ஒரே வண்டியில் ஓடியவர். கொண்டுவந்த பூவை அப்பாவின் கால்மாட்டில் வைத்துவிட்டு, அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது, இந்தச் சுவர் மட்டும் ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். “எங்க பாப்பா கட்டினது. அப்பன் வயலின் வாசிக்கிறதுக்குத் தன் கையால கட்டிக் குடுத்திருக்கா. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை செய்யும்?” என்று சித்தப்பா காலையிலிருந்து நாலைந்து பேரிடம் சொல்லியாகிவிட்டது. இப்போது செய்தே காட்டப் போய்விட்டார்.

அவள் குளிர்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தடுக்க எழுவதற்குள் கதவு மூடிவிட்டது.

கூடத்தில் பேச்சு நின்றது. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த அத்தைகூட நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். குளிர்பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பத்து எண்ணும் நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்?”

“ஒண்ணும் கேக்கலியே” என்றார் கண்டக்டர்.

“அண்ணே, அண்ணேன்னு அடித்தொண்டையிலேர்ந்து கத்தினேன்யா! மூணு தடவை! ஒரு பொட்டுச் சத்தம்...”

அதோடு நின்றுவிட்டார். பெருமையில் விரிந்த வாய் அப்படியே இருந்தது, முகம் மட்டும் மாறிக்கொண்டே போனது. கண்டக்டர் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தார். யாரோ ஒருவர் இருமினார். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

சித்தப்பா கைப்பிடியை விடாமல், குரலை இறக்கிக் கேட்டார். “அண்ணன் நாற்காலியிலயே தானேம்மா? உக்காந்தபடியே தானே?”

“ஆமா சித்தப்பா. உக்காந்தபடியேதான்.”

“டாக்டரும் ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்னு சொன்னாரு இல்ல?”

“ஆமா.”

“அதான. கொடுத்து வச்சவரு” என்று கூடத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். கூடமும் தலையாட்டியது. பேச்சு மெல்ல மறுபடி தொடங்கியது.

சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்த கீழ்வீட்டு நர்ஸ் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கண்டக்டரிடம் போனாள்.

அப்பா நாற்காலியில் இல்லை. நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில், ஒரு கையைக் கதவுப் பக்கம் நீட்டியபடி குப்புறக் கிடந்தார். நேற்றுப் பகல் பன்னிரண்டேகாலுக்குச் சாப்பிடக் கூப்பிடப் போனவள் அதைப் பார்த்துவிட்டு, படியிறங்கி ஓடிக் கீழ்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ், அவிழ்ந்த முடியோடு ஏறி வந்தாள். அப்பாவைப் புரட்டிப்போட்டு நெஞ்சை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு நிறுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கூடத்தில் கிடத்தியதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். அவர் கிடந்த இடம் இந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

முதலில் வந்தவர் சித்தப்பா. “எப்படிம்மா?” என்று கேட்டதும் நாற்காலி என்று அவள் வாயில் வந்துவிட்டது. அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சரளமாக வந்தது.

அவளுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. மற்றவர்கள் பேசிப் பதிவு செய்த குரலைச் சுத்தம் செய்வது. எச்சில் விழுங்குவது, தாள் புரட்டுவது, நாற்காலி முனகுவது, வாக்கியத்துக்கு முன்னால் இழுக்கிற மூச்சு, இவற்றையெல்லாம் கேட்டுக் கண்டுபிடித்து வெட்ட வேண்டும். நேற்று சனிக்கிழமை, வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவருடைய மூச்சை இரண்டு மணி நேரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். அறையின் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் இருந்தது.

அப்பா முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். திருப்பத்தில் அவசரப்பட மாட்டார், ஓடி வருகிற ஆளை விட்டுவிட்டுப் போகமாட்டார், அதனால் ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. பயணிகள் பஸ்ஸில் விட்டுப்போன பொருட்களில், உரியவர் வராதவற்றை வருஷக் கடைசியில் டிப்போவில் ஏலம் விடுவார்கள். அப்படி வந்ததுதான் அந்த வயலின். பரணில் பன்னிரண்டு வருஷம் கிடந்தது. அம்மா போன மறுவருஷம், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவர், ஒருநாள் ஏணி போட்டு அதை இறக்கினார்.

இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு வாத்தியார் நாலு மாசம் சொல்லிக்கொடுத்துவிட்டு, தனக்கு முதுகுவலி என்று கைகூப்பிவிட்டார். அப்பா அதை நம்பி அவருக்குத் தைலம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய ஒரு பக்கக் காது பாதி போயிருந்தது. ஏறும்போது ஒரு சுருதி, இறங்கும்போது வேறொன்று. வில் கம்பியில் படும்போதெல்லாம் ஒரு கீச்சல். அவருக்கு அது கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, ஒரே வரியை நாற்பது நிமிஷம் வாசிப்பார்.

அவளுக்குக் கேட்டது. எல்லாமே கேட்டது.

ஒரு சாயங்காலம் பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்த வரி வரவேற்றது. அவள் அப்பாவின் அறை வாசலில் போய் நின்றாள். அப்பா வில்லை இறக்கினார்.

“என்னம்மா, டீ போடட்டுமா?”

“கீழ்வீட்டு சிஸ்டர் படியில பாத்துச் சொன்னாங்கப்பா. நைட் டூட்டி பாத்துட்டு வந்து பகல்ல தூங்க முடியலையாம். வயலின் சத்தம்.”

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. நாளைக்கு மழை வருமாம் என்பதுபோல வந்துவிட்டது.

“அடடா” என்றார் அப்பா. “நமக்குத் தோணவே இல்லையே. பாவம்.” வில்லின் திருகைத் தளர்த்தி, வயலினைத் துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினார்.

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது அவர் தேய்த்த சட்டை போட்டு, தலை வாரி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கீழே போய் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார். அவள் மேல்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது, கதவு திறந்தது, தாழ்ந்த குரல்கள், கதவு சாத்தியது. கால்மணி நேரம். அப்பா வெளியே வந்ததும் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நாலு விதமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

அப்பா மேலே வந்து நிதானமாகச் செருப்பைக் கழற்றினார். “ஆமாம்மா, கஷ்டமாத்தான் இருந்துச்சாம். நல்ல பொண்ணு. மனசுல ஒண்ணும் வச்சுக்கலைன்னு சொல்லிடுச்சு” என்றார்.

அவளுக்கு முதலில் ஆச்சரியம். அப்புறம் உடம்பே லேசானது. ஆக, தான் சொன்னது பொய்யில்லை. இருந்ததைத்தான் தெரியாமலே சொல்லியிருக்கிறாள். இரண்டு வருஷமாக அந்த நினைப்பை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

அந்த நிம்மதியில்தான் அறை யோசனையே வந்தது. “நாம ரூமையே அடைச்சிடலாம்ப்பா. ஒரு சத்தம் வெளிய போகாது. நீங்க எப்ப வேணா வாசிங்க.” மூன்று வாரம் பிடித்தது. சுவரை ஒட்டாமல் மரச்சட்டம் அடித்து, இடையில் மஞ்சள் கண்ணாடிப் பஞ்சுப் பாளங்களை நிரப்பி, மேலே இரண்டு அடுக்குப் பலகை. ஜன்னலுக்கு உள்ளே இன்னொரு கண்ணாடி. கதவு கனமான மரம், நாலு பக்கமும் ரப்பர் பட்டை. பஞ்சு தோலில் பட்டு அரிக்கும் என்று அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டும் அவளுடைய பழைய துப்பட்டாவை முகத்தில் கட்டிக்கொண்டும் நின்றார். “பேங்க்ல கொள்ளையடிக்கப் போற மாதிரி இருக்கேன்ல?” என்றார். காற்று போகிற இடத்திலெல்லாம் சத்தமும் போகும் என்று அவள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டார். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு மூலை மூலையாகத் தேடுவார். “இந்தா, சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னாடி ஒண்ணு விட்டுட்டியே” என்று கூப்பிட்டு, அந்த ஊசித் துளையில் புட்டிப் பசையை விரலால் வைத்து அழுத்துவார்.

முடிந்த அன்று சோதனை. அவர் உள்ளே, அவள் வெளியே. கதவைத் திறந்துகொண்டு வந்து, “என்ன சொன்னேன்?” என்றார்.

“ஒண்ணுமே கேக்கலப்பா!”

“அப்ப பாஸு” என்று சிரித்தார். உள்ளே என்ன சொன்னார் என்று அவளும் கேட்கவில்லை.

அதன்பிறகு தினமும் பத்தேகாலுக்கு உள்ளே போவார், பன்னிரண்டுக்கு வெளியே வருவார். “என் பொண்ணு எனக்கு ஸ்டுடியோ கட்டிக் குடுத்திருக்கா” என்று பால்காரரிலிருந்து எல்லோரிடமும் சொன்னார். சில நாள் சாப்பிடும்போது, “இன்னைக்கு நல்லா வந்துச்சும்மா” என்பார். அவள் போனைப் பார்த்தபடியே, “அப்படியாப்பா?” என்பாள். ஒருநாள்கூட, எங்கே வாசியுங்கள் கேட்போம் என்று கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.

மணி இரண்டரை இருக்கும். நாலு மணிக்கு அமரர் ஊர்தி. அவள் முகம் கழுவச் சமையலறைக்குள் போனபோது நர்ஸ் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து கட்டியிருந்த அதே புடவை.

“விடுங்க சிஸ்டர். நேத்து நீங்க தூங்கவே இல்ல.”

“பரவாயில்லக்கா. இன்னும் நாலுதான்.”

அவள் ஒரு துணியை எடுத்து, கழுவிய டம்ளர்களைத் துடைக்கத் தொடங்கினாள். கூடத்தில் சித்தப்பாவின் குரல் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தது. இந்தப் பெண் இரண்டு நாளாகத் தன் பொய்யைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறாள். அவளிடம் ஏதாவது ஒன்றையாவது நேர்செய்துவிட வேண்டும்போல இருந்தது.

“உங்களுக்கு நாங்க ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டோம். அன்னைக்கே நான் வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும். அப்பாவை அனுப்பிட்டு நான் மேலயே நின்னுட்டேன்.”

நர்ஸ் குழாயை மூடினாள். “எதுக்குக்கா?”

“அந்த வயலினுக்கு. பகல்ல தூங்கவிடாம...”

நர்ஸ் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“இதை நான் சொல்லக் கூடாதுக்கா. சொல்ல மாட்டேன்னு அங்கிள்கிட்ட ஒத்துக்கிட்டேன். ஆனா நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டா நான் அதை எப்படி வாங்கிக்கிறது?”

அவள் டம்ளரோடு நின்றாள்.

“நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலைக்கா. படுத்தேன்னா எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது. நேத்து நீங்க எவ்வளவு நேரம் கதவை அடிச்சீங்க! அங்கிள் வந்து நின்னு கையெடுத்துக் கும்பிட்டதும் எனக்கு ஒண்ணும் புரியல. நான் எப்ப சொன்னேன், யாருகிட்ட சொன்னேன்னு பட்டுன்னு கேட்டுட்டேன். கேட்டதுக்கு அப்புறம்தான் அவரு முகத்தைப் பாத்தேன்.”

“என்ன சொன்னாரு?”

“தலையைத் தடவிக்கிட்டாரு. அப்புறம் சிரிச்சாரு. ‘எம் பொண்ணு காதால பொழைக்கிறவம்மா. நாள் பூரா சத்தத்தோட மாரடிச்சிட்டு வரா, வீட்டுக்கு வந்தா நான் வேற போட்டு அறுக்கிறேன். என்கிட்ட நேரா சொல்ல மனசு வரல, உங்க தலையில போட்டுட்டா. நீங்க ஆமான்னே வச்சுக்கங்க’ன்னாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். எழுந்து போவாருன்னு பாத்தா உக்காந்தே இருந்தாரு. சீக்கிரம் போயிட்டா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்னாரு.”

சித்தப்பா உள்ளே தலையை நீட்டி, “பாப்பா, ஐஸ்பெட்டிக்காரருக்கு போன் போட்டாச்சா?” என்றார். “போட்டாச்சு” என்று அவள் திரும்பாமலே சொன்னாள். அவர் போய்விட்டார்.

மூன்று வாரமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும், துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு சிரித்தபோதும், டார்ச்சடித்து ஒவ்வொரு துளையாகத் தேடிப்பிடித்து அடைத்தபோதும். அவளுக்குக் காது மடல்கள் கொதித்தன. துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள்.

“நாற்காலின்னு நான் சொன்னது...” என்று ஆரம்பித்தாள்.

“அதையும் நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா.”

அதையும் என்று நர்ஸ் குத்திச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னாள். அதற்கப்புறம் அவளால் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “கொஞ்ச நேரம் போய்ப் படுங்க” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. படி குறுகல். ஆறு பேர் தூக்கினார்கள். திருப்பத்தில் முன்னால் போனவர்கள் அவசரப்பட, மேலே நின்ற கண்டக்டர், “மெதுவா, மெதுவா! நிதானம் அண்ணனைப் போயி இப்படியா இறக்குவீங்க?” என்றார். சொல்லிவிட்டு அவரே வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். ஆட்கள் நின்று, மூச்சு வாங்கி, மெல்லத் திருப்பினார்கள்.

வண்டியில் அவளும் சித்தப்பாவும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். சித்தப்பா வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தார். யார் வந்தார்கள், யார் வரவில்லை, டிப்போவிலிருந்து எத்தனை பேர், அண்ணனுக்கு எவ்வளவு நல்ல பெயர்.

“சித்தப்பா, அவரு நாற்காலியில இல்ல.”

“ம்?”

“எழுந்து வந்திருக்காரு. கதவுகிட்டதான் கிடந்தாரு.”

சித்தப்பா அவளைப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். சிக்னலில் வண்டி நின்றபோது, “வெயில் இறங்கிடுச்சு” என்று மட்டும் சொன்னார்.

தகனக்கூடத்தில் பதிவு செய்ய ஒரு கண்ணாடித் தடுப்பு. பேசுவதற்கு நடுவில் வட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள். அந்தப் பக்கம் எழுத்தர், தலைக்குமேல் மின்விசிறி கடகடத்தது. பெஞ்சில் வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். சித்தப்பா முன்னால் போய்க் குனிந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

“பேரு?” சொன்னார்.

“வயசு?”

“எழுபத்தொண்ணு.”

“தொழில்?”

“பஸ் டிரைவர். ரிட்டயராயிட்டாரு.”

“எங்க இறந்தாரு?”

“வீட்டுலதான்.”

“கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தது யாரு? உறவு என்ன?”

சித்தப்பா நிமிர்ந்து, ஒதுங்கி, அவளுக்கு இடம் விட்டார்.

அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

“யாரும் இல்ல.”

எழுத்தர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். “கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

அவள் குனிந்து, துளைகளுக்கு நேராக வாயை வைத்தாள்.

“யாரும் இல்ல சார்.”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுத்தர் பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டு, அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். தாளைக் கண்ணாடிக்கு அடியில் அவள் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.